புதுமுக அறிவியல் புனைகதை, ஃபேன்டசி எழுத்தாளர்களுக்கான விருதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் அறிவியல் புனைகதையோ ஃபேன்டசியோ எழுத ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் "எங்கே அனுப்புவது?" என்று தொடங்கி "நமக்கெல்லாம் கிடைக்குமா?" என்று முடிகிற கேள்விகள். நடுவே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. முக்கியமாக ஒன்று: சில விருதுகளுக்கு நாம் விண்ணப்பிக்கவே முடியாது, ஆனால் அவற்றுக்கான கெடு நம்மைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிடும்.

ஹ்யூகோ, நெபுலா இருக்கும்போது புதுமுகங்களுக்குத் தனியாக விருது எதற்கு?

இந்த வகைமையின் மிகப் பெரிய விருதுகளான ஹ்யூகோவும் நெபுலாவும் பெரும்பாலும் படைப்புக்குத் தரப்படுபவை. அந்த வருடம் வந்த சிறந்த நாவல், சிறந்த குறுநாவல், சிறந்த சிறுகதை என்று போகும். முதல் கதை வெளியானவரும் முப்பது வருடமாக எழுதுகிறவரும் அங்கே ஒரே களத்தில்தான் நிற்க வேண்டும். அப்படி நின்று ஜெயித்தவர்களும் உண்டு. டெட் சியாங்கின் முதல் கதை 1990-ல் அச்சாகி, அதுவே நெபுலாவும் வாங்கியது. ஆனால் எல்லோரும் டெட் சியாங் இல்லையே. புதுமுக விருதுகள் ஒரு கதையை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்கின்றன. "இவரைக் கவனியுங்கள்" என்று வாசகர்களிடம் கைகாட்டுவதுதான் அவற்றின் வேலை.

இவற்றில் பெரியது எது?

சந்தேகமில்லாமல் அஸ்டவுண்டிங் விருது. சிறந்த புதிய எழுத்தாளருக்கு 1973 முதல் கொடுத்துவருகிறார்கள். 2019 வரை இதன் பெயர் ஜான் டபிள்யூ. கேம்பல் விருது. பழைய நூல்களின் பின்னட்டையில் "கேம்பல் விருது பெற்றவர்" என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், கேம்பல் நினைவு விருது என்று சிறந்த நாவலுக்கான இன்னொன்றும் அதே 1973-ல் ஆரம்பித்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளில்லை.

யார் இந்த கேம்பல்? 1937-ன் இறுதியில் அஸ்டவுண்டிங் என்ற மலிவுத்தாள் இதழின் ஆசிரியர் பொறுப்புக்கு வந்து, 1971-ல் இறக்கும்வரை அதே நாற்காலியில் இருந்தவர். அசிமோவ், ஹைன்லைன் தலைமுறையை வார்த்தெடுத்தவர். இதழின் பெயர் 1960-ல் அனலாக் என்று மாறியது. அவர் மறைந்த பிறகு இதழை வெளியிட்ட நிறுவனமே அவர் பெயரில் இந்த விருதை நிறுவியது.

வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சி. ஜே. செர்ரி (1977), ஆர்சன் ஸ்காட் கார்ட் (1978), டெட் சியாங் (1992), நாலோ ஹாப்கின்சன் (1999), கோரி டாக்டரோ (2000), ஜோ வால்டன் (2002), ஜான் ஸ்கால்சி (2006), நவோமி நோவிக் (2007), ஆர். எஃப். குவாங் (2020). தாய்லாந்துக்காரரான சோம்தாவ் சுசரித்குல் 1981-லேயே வாங்கிவிட்டார். அவர் ஓர் இசையமைப்பாளரும்கூட.

இது ஹ்யூகோ விருதுதானே?

இல்லை. ஹ்யூகோ வாக்குச்சீட்டிலேயே அச்சாகிறது, ஹ்யூகோவுக்கு வாக்களிப்பவர்களே இதற்கும் வாக்களிக்கிறார்கள், ஹ்யூகோ மேடையிலேயே கொடுக்கிறார்கள். ஆனாலும் இது ஹ்யூகோ இல்லை. புரவலர் வேறு, பரிசுப் பொருளும் வேறு. மேடையில் அறிவிப்பவர் ஒவ்வொரு முறையும் "இது ஹ்யூகோ அல்ல" என்று சொல்வதும் கூட்டம் சிரிப்பதும் சடங்காகவே ஆகிவிட்டது.

"புதியவர்" என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வயதா?

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொழில்முறை இதழிலோ பதிப்பகத்திலோ உங்கள் முதல் அறிவியல் புனைகதை அல்லது ஃபேன்டசி படைப்பு வெளியான நாள்தான் கணக்கு. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டு விருதுகளுக்கு நீங்கள் தகுதி பெறுகிறீர்கள். மூன்றாம் ஆண்டு நீங்கள் புதியவர் இல்லை, அவ்வளவுதான்.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தால் இதில் இருக்கும் சிக்கல் புரியும். உங்கள் முதல் கதை 2024 டிசம்பர் இதழில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025, 2026 விருதுகளுக்கு நீங்கள் தகுதியானவர். முதல் வருடப் பரிந்துரை தொடங்கும்போது உங்கள் பெயரில் இருப்பது ஒரே ஒரு கதை, அதுவும் சில வாரங்களுக்கு முன்புதான் வந்தது. அதே கதை 2025 ஜனவரி இதழுக்குத் தள்ளிப்போயிருந்தால்? 2026, 2027 விருதுகளுக்குத் தகுதி. முதல் பரிந்துரைக்கு முன்பே உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு வருடம் கிடைத்திருக்கும். ஒரு மாத வித்தியாசம் இப்படியெல்லாம் வேலை செய்யும். எந்த மாதம் வெளியிடுவது என்பதை இதழாசிரியர்தான் முடிவு செய்வார், நம் கையில் இல்லை. அதனால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்து வைத்திருந்தால் போதும்.

"தொழில்முறை" என்பதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்கள். பெயருக்குக் கொடுத்த சில்லறைத் தொகை இல்லாமல் உருப்படியான சன்மானம் தந்த வெளியீடு, அல்லது சராசரியாக 10,000 பிரதிகளாவது அச்சான வெளியீடு. நண்பர் நடத்தும் இணைய இதழில் சன்மானம் இல்லாமல் வந்த கதை இந்தக் கடிகாரத்தைத் தொடாது.

ஏற்கெனவே வேறு வகையில் நாவல்கள் எழுதியிருக்கிறேன். நான் புதியவனா?

இந்த வகைமைக்குப் புதியவர்தான். லெவ் கிராஸ்மேன் 2011-ல் இந்த விருதை வாங்கியபோது டைம் இதழின் புத்தக விமர்சகராகப் பெயர் பெற்றவர். அதற்கு முன் இரண்டு நாவல்களும் வெளியிட்டிருந்தார். ஆனால் அவருடைய ஃபேன்டசி நாவல் 2009-ல்தான் வந்தது. 2009-ல் வாங்கிய டேவிட் ஆந்தனி டர்ஹமும் அப்படித்தான், அதற்கு முன் சரித்திர நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பெயரும் பதிப்பகமும் கையில் இருப்பவரும், ஒரே சிறுகதையோடு வந்து நிற்பவரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். விதிப்படி அது சரிதான்.

அமேசானில் நானே போட்ட கிண்டில் புத்தகம் கணக்கில் வருமா?

ஆண்டி வியர் கதையைப் பாருங்கள். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனைப் பற்றிய நாவலை முதலில் தன் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். 2011-ல் கிண்டிலில் தானே வெளியிட்டார். பிறகு பெரிய பதிப்பகம் வாங்கி 2014-ல் கொண்டுவந்தது. அவர் விருது வாங்கியது 2016-ல். 2011-லிருந்து எண்ணியிருந்தால் எப்போதோ காலாவதி ஆகியிருப்பார். டிராவிஸ் பால்ட்ரீயும் (2023) சொந்தமாக வெளியிட்டுப் பிறகு பதிப்பகத்துக்குப் போனவர்தான். ஒலிநூல் வாசிப்பவராகத்தான் அவரை முன்பு பலருக்கும் தெரியும்.

எப்படி விண்ணப்பிப்பது?

விண்ணப்பம் கிடையாது. ஹ்யூகோ விழா நடக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து பெயர் வரை எழுதலாம். முன்னணியில் வரும் ஆறு பேர் இறுதிப் பட்டியலுக்குப் போவார்கள். பிறகு வாக்கெடுப்பு. வாக்களிப்பவர் ஆறு பேரையும் தன் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். "யாருக்கும் வேண்டாம்" என்ற வாய்ப்பும் சீட்டில் உண்டு, அதையும் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கடைசி இடத்தில் இருப்பவரை ஒவ்வொரு சுற்றிலும் நீக்கி, அவருக்கு விழுந்த வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். யாருக்குப் பெரும்பான்மை வருகிறதோ அவர் ஜெயித்தார்.

உறுப்பினராக மாநாட்டுக்கு நேரில் போக வேண்டியதில்லை. வாக்குரிமை மட்டும் தரும் உறுப்பினர் கட்டணம் சுமார் 50 டாலர். நம் ஊர்க் கணக்கில் கை கடிக்கும் தொகைதான். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் இறுதிப் பட்டியலில் உள்ள படைப்புகள் பலவற்றை மின்னூலாக வாக்காளர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அதை மட்டும் கணக்குப் பார்த்தாலே கட்டிய காசுக்கு மேல் வந்துவிடும்.

எழுதுகிறவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. வருடக் கடைசியில் "இந்த ஆண்டு வெளியான என் கதைகள் இவை, எனக்கு இது முதல் தகுதி ஆண்டு" என்று ஒரு பதிவு போடலாம். அங்கே எல்லோரும் செய்வதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நம் ஆட்களுக்குத்தான் கூச்சம். தயவுசெய்து போடுங்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள் என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்?

நாவல் இல்லாமல், சிறுகதைகளை மட்டும் வைத்து ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. டெட் சியாங் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கதைகளோடு ஜெயித்தார். இ. லில்லி யூ 2012-ல் வாங்கியபோது ஒரு நாவலும் வந்திருக்கவில்லை. குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய ஒரு சிறுகதைதான் அவரை எல்லோர் வாயிலும் பேச வைத்தது. சமீப ஆண்டுகளின் வெற்றியாளர்களைப் பார்த்தால் நாவலோ குறுநாவலோ தனி நூலாக வந்தவர்கள்தான் அதிகம். வாக்களிப்பவர்கள் வாசகர்கள் என்பதால் எது அதிகம் பேர் கைக்குப் போகிறதோ அதற்குச் சாதகம் இருக்கத்தான் செய்யும்.

ஏன் பெயரை மாற்றினார்கள்?

இது கொஞ்சம் நீளமான கதை.

கேம்பல் நல்ல பத்திரிகையாசிரியர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அறுபதுகளில் அவர் எழுதிய தலையங்கங்களை இன்று படித்தால் வயிற்றைப் புரட்டும். அடிமைமுறைக்குச் சப்பைக்கட்டு, இனப் பிரிவினைக்கு ஆதரவு எல்லாம் அதில் உண்டு. கறுப்பின எழுத்தாளரான சாமுவேல் டிலேனி தன் நாவல் ஒன்றை அனலாக்கில் தொடராக வெளியிட அனுப்பியபோது, கறுப்பு நாயகனை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று கேம்பல் மறுத்துவிட்டதாக டிலேனியே எழுதியிருக்கிறார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அவர் பெயரில் விருது போய்க்கொண்டே இருந்தது.

2019 ஆகஸ்ட் 18, டப்ளின் மாநாடு. அந்த ஆண்டு விருது ஹாங்காங்கில் பிறந்த ஜெனெட் இங்குக்கு. மேடையேறியவர் நன்றி சொல்வதற்கு முன்பே, இந்த விருது யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒரு ஃபாசிஸ்ட் என்று போட்டு உடைத்தார். அந்த நாட்களில் ஹாங்காங் தெருக்களில் நடந்துகொண்டிருந்த போராட்டத்தைப் பற்றியும் பேசினார். அரங்கில் கைதட்டல், வெளியே சண்டை. செத்தவரை இழுக்கலாமா, வாங்கிய கையோடு திட்டலாமா என்றெல்லாம் கேட்டார்கள். 2000-ல் அதே விருதை வாங்கிய கோரி டாக்டரோ, இங் சொன்னது சரியே என்று எழுதினார். ஆகஸ்ட் 27 அன்று அனலாக் ஆசிரியர் டிரெவர் குவாக்ரி பெயர் மாற்றத்தை அறிவித்துவிட்டார். ஒன்பது நாள்! நம் ஊரில் ஒரு தெருவின் பெயர்ப்பலகையை மாற்றவே இதைவிட நாளாகும்.

புதுப் பெயராக இதழின் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: அஸ்டவுண்டிங். கேம்பல் பெயர் போனது, அவர் நடத்திய இதழின் பெயர் நிலைத்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. அடுத்த ஆண்டு, 2020-ல், இங்கின் அந்த ஏற்புரைக்கே ஹ்யூகோ கிடைத்தது, தொடர்புடைய சிறந்த படைப்பு என்ற பிரிவில். அன்று இணையவழி நடந்த விழாவைத் தொகுத்து வழங்கியவர் கேம் ஆஃப் த்ரோன்ஸ் எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். விழா முழுக்கக் கேம்பல் பெயரையும் பழைய பெருமைகளையும் அவர் திரும்பத் திரும்பப் பேச, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சமூக ஊடகங்களில் பொங்கிவிட்டார்கள்.

தோற்றுப்போனவர்கள் என்ன ஆனார்கள்?

அந்த மார்ட்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு, 1973-ல், இறுதிப் பட்டியலில் அவரும் இருந்தார். ஜெயித்தது ஜெர்ரி பூர்னெல். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. கேம்பல் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களின் புதிய கதைகளை மட்டும் வைத்து 1977 முதல் ஒரு தொகுப்பு வரிசையைக் கொண்டுவந்தார். அவருடைய டிராகன்களும் சிம்மாசனமும் உலகம் முழுக்கப் போன கதை உங்களுக்கே தெரியும்.

அதே 1973 பட்டியலில் இருந்த இன்னொருவர் லிசா டட்டில். அவர் இரண்டாம் ஆண்டுத் தகுதியில் 1974-ல் ஸ்பைடர் ராபின்சனோடு சமநிலையில் பகிர்ந்து வாங்கினார். இரண்டாம் ஆண்டு சும்மா வைத்திருக்கும் சலுகை இல்லை என்பதற்கு அது முதல் உதாரணம்.

ஜெயித்தவர்கள் எல்லோரும் எழுத்தில் நிலைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1975-ல் வாங்கிய பி. ஜே. பிளாகரின் பெயரைப் பொறியியல் படித்த பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் வேறு அலமாரியில். பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து நிரலெழுதும் முறை பற்றி நூல் எழுதியவர், சி மொழியின் நூலகத்தைப் பற்றித் தடிமனான புத்தகம் போட்டவர் அவரேதான். அறிவியல் புனைகதைப் பக்கம் பிறகு அதிகம் வரவில்லை. 1976-ல் வாங்கிய டாம் ரீமி அடுத்த ஆண்டே, 42 வயதில், தட்டச்சுப் பொறியின் மேல் சாய்ந்தபடி இறந்து கிடந்தார்.

ஜெயித்தவருக்குப் பணம் எவ்வளவு?

பணமுடிப்பெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கிரீடம் உண்டு! 2005 முதல் ஒரு சின்னத் தலையணி வழக்கத்தில் இருக்கிறது. முந்தைய வெற்றியாளர் புதியவர் தலையில் சூட்டிவிடுவார். ஆண், பெண் வித்தியாசமெல்லாம் கிடையாது. நம் ஊர் சால்வை, பொன்னாடையைவிட இது நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

வாக்கெடுப்பை நம்பலாமா? ஏதேதோ ஊழல் என்றெல்லாம் படித்தேனே.

இரண்டு விஷயங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

2015-ல் வலதுசாரி மனோபாவம் கொண்ட இரு அணிகள், யார் யாருக்குப் பரிந்துரை போட வேண்டும் என்று பட்டியல் கொடுத்து ஆட்களைத் திரட்டின. புதுமுக விருதின் இறுதிப் பட்டியலில் ஐந்து பேர். அதில் நாலு பேர் அந்தப் பட்டியல்காரர்கள். வெளியே இருந்து வந்த ஒரே ஒருவர் வெஸ்லி சூ. அவர்தான் ஜெயித்தார். இந்தக் கூத்துக்குப் பிறகுதான் பரிந்துரைகளை எண்ணும் முறையையே மாற்றினார்கள். ஒரே பட்டியலை எத்தனை பேர் நகலெடுத்துப் போட்டாலும் அத்தனை இடங்களையும் பிடிக்க முடியாதபடி 2017 முதல் புதுக் கணக்கு.

2023-ல் நடந்தது இன்னும் மோசம். மாநாடு சீனாவின் செங்டுவில். விழா முடிந்து மாதங்கள் கழித்து, 2024 ஜனவரியில் வாக்கு விவரங்கள் வெளிவந்தன. சீனாவில் பிறந்து கனடாவில் வாழும் சிரான் ஜே ஜாவோவைப் போதுமான பேர் பரிந்துரைத்திருந்தும் "தகுதியில்லை" என்று ஒதுக்கியிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. ஆர். எஃப். குவாங்கின் நாவலுக்கும் அதே கதி. பிறகு கசிந்த மின்னஞ்சல்களில், நிர்வாகிகள் எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் துழாவிக் குறிப்பெடுத்தது தெரியவந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் சீன அரசு அதிகாரிகள் இல்லை, மேற்கத்திய நிர்வாகிகள் என்பதுதான் கூடுதல் கசப்பு. ஜாவோவின் தகுதிக் காலத்தைப் புரவலர்கள் ஓர் ஆண்டு நீட்டித்தார்கள். 2024-ல் கிளாஸ்கோவில் அவரே விருதை வாங்கினார்.

எனவே, நம்பலாமா என்றால்: விவரங்களை வெளியிடும் பழக்கம் இருந்ததால்தான் தப்பு பிடிபட்டது. எண்ணிக்கையை வெளியே காட்டாத பல இலக்கிய விருதுகளை நாம் கேள்வியே கேட்பதில்லை.

நானே கதை அனுப்பிக் கலந்துகொள்ளும் போட்டி எது?

ரைட்டர்ஸ் ஆஃப் தி ஃபியூச்சர். எல். ரான் ஹப்பர்ட் 1983-ல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். கெடு டிசம்பர், மார்ச், ஜூன், செப்டம்பர் மாதக் கடைசி நாட்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உச்சவரம்பு 17,000 சொற்கள். கதையில் உங்கள் பெயர் எங்கும் இருக்கக் கூடாது, நடுவர்கள் பெயர் தெரியாமல்தான் படிப்பார்கள். ஒவ்வொரு காலாண்டுக்கும் 1000, 750, 500 டாலர் என்று மூன்று பரிசுகள். ஆண்டின் முதல் பரிசுக்காரர்கள் நால்வரில் ஒருவருக்கு மேலும் 5000 டாலர். ஜெயித்தவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்துப் பயிலரங்கு நடத்துகிறார்கள். கதைகள் ஆண்டுத் தொகுப்பில் வரும், அதற்குச் சன்மானம் தனி. கேரன் ஜாய் ஃபௌலர், பேட்ரிக் ராத்ஃபஸ், கென் லியூ, நெடி ஒகோராஃபோர் எல்லோரும் அந்தத் தொகுப்புகளில் வந்தவர்கள்.

இங்கே புதியவர் என்பதற்கு ஆண்டுக் கணக்கில்லை, வெளியான எண்ணிக்கைதான். தொழில்முறை வெளியீடாக நாவலோ சிறுநாவலோ வந்திருக்கக் கூடாது. மூன்று சிறுகதைக்கு மேலோ ஒரு நெடுங்கதைக்கு மேலோ போயிருக்கக் கூடாது. அதுவரை எத்தனை காலாண்டு வேண்டுமானாலும் அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

ஹப்பர்ட் என்றால் அந்த சயன்டாலஜி ஹப்பர்டா?

சயன்டாலஜி என்ற மதத்தை நிறுவிய அவரேதான். தொகுப்பை வெளியிடும் பதிப்பகமும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. போட்டிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, நடுவர்கள் சுதந்திரமான எழுத்தாளர்கள் என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. கலந்துகொண்ட பலரும் தங்களை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்கிறார்கள். இன்னொரு சாரார், பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பெயருக்கு நம் கதை பெருமை சேர்க்க வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியின் மேல்தான் சாய்வு. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் எழுதும் ஒருவரிடம் ஆயிரம் டாலரை வேண்டாம் என்று சொல்லச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பின்னாளில் சயன்டாலஜிக்கு அடித்தளமான ஹப்பர்டின் டயனெடிக்ஸ் கட்டுரை முதன்முதலில் பெரிய அளவில் வாசகர்களைச் சென்றடைந்தது 1950 மே மாத அஸ்டவுண்டிங் இதழில். வெளியிட்டு, கொண்டாடி, பரப்பியவர் கேம்பல். ஆக, ஆங்கில உலகில் புதுமுகங்களுக்கு இருக்கும் இரண்டு பெரிய வாசல்களும் அந்த ஒரே இதழைச் சுற்றியவை. ஒரு வாசலில் பெயர்ப்பலகை மாறிவிட்டது. மற்றதில் அப்படியே இருக்கிறது.

முதல் நாவல் வந்திருக்கிறது. எதற்குத் தகுதி?

மூன்றைச் சொல்லலாம். அறிவியல் புனைகதைச் செய்தி இதழான லோகஸின் வாசகர் வாக்கெடுப்பில் சிறந்த முதல் நாவலுக்கு ஒரு பிரிவு உண்டு. பால்டிமோர் அறிவியல் புனைகதைச் சங்கம் 1983 முதல் முதல் நாவலுக்கு காம்ப்டன் குரூக் விருது தருகிறது. ஃபேன்டசி என்றால் கிராஃபோர்ட் விருது. கல்விப்புலம் சார்ந்த ஓர் அமைப்பு தருவது, அதனால் கூட்டத்தின் ரசனையைவிட எழுத்தின் சோதனை முயற்சிக்கு அங்கே மதிப்பு அதிகம்.

2024-ல் கிராஃபோர்டை வாங்கியவர் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர. அதே முதல் நாவலுக்கு நெபுலாவும், லோகஸின் முதல் நாவல் விருதும் கிடைத்தன. இலங்கையின் இனவாத அரசியலும் பௌத்தத் தொன்மமும் பின்னிய நாவல் அது. மேலைநாட்டு வாசகனுக்காக எதையும் நிறுத்தி விளக்காமல் எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பு போடாமல் எழுதினால் புரியுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் அதுதான்.

கல்லூரி மாணவர்களுக்கு?

இளநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கென்றே அசிமோவ்ஸ் இதழ் சார்ந்து ஒரு விருது நீண்ட காலமாக நடந்துவருகிறது. பரிசு 500 டாலர். அசிமோவ்ஸ், அனலாக் இரண்டும் 2025-ல் அவற்றை வெளியிட்டுவந்த டெல் நிறுவனத்திடமிருந்து வேறு கைக்குப் போய்விட்டதால், அனுப்புவதற்கு முன் அந்த ஆண்டுக்கான விதிகளைப் படித்துவிடுங்கள்.

தமிழில் எழுதினால் இதிலெல்லாம் இடம் உண்டா?

நேரடியாக இல்லை. அஸ்டவுண்டிங் விருதின் விதியில் மொழித்தடை என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வாக்களிப்பவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாகப் போனால்தான் கண்ணில் படும்.

தமிழில் இதற்கென்று தொடர்ந்து நடக்கும் பெரிய விருது இல்லாதது குறைதான். அரூ இணைய இதழ் 2019-லிருந்து அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தித் தேர்வான கதைகளை வெளியிட்டது. புதுப்பெயர்கள் பல அதில் தெரியவந்தன. பக்கத்து நாட்டில் 2017 முதல் சலாம் விருது இருக்கிறது. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் பெயரில், பாகிஸ்தானில் வசிப்பவர்களுக்கும் பாகிஸ்தான் வம்சாவளியினருக்கும் தருவது. பரிசோடு ஒரு தேர்ந்த பத்திரிகையாசிரியரோ இலக்கிய முகவரோ கதையைப் படித்துக் கருத்தும் சொல்வார்கள். பணத்தைவிட அந்தக் கருத்துக்குத்தான் அலைகிறார்கள். இங்கே யாராவது ஆரம்பித்தால் அந்த ஏற்பாட்டைத் தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

ஒரு போட்டியில் நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி இல்லை. ஆனால் பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வகையை எல்லோரும் பார்த்திருப்போம்: முந்நூறு ரூபாய் கட்டினால் தொகுப்பில் உங்கள் கதை, மின் சான்றிதழ், "இணை எழுத்தாளர்" பட்டம், பிறகு உங்கள் புத்தகத்தை நீங்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். அது விருதும் இல்லை, பதிப்பும் இல்லை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் நடக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் ஏமாற்றுப் போட்டிகளைப் பற்றிய எச்சரிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. சந்தேகம் வந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதி அனுப்பலாமா?

வேண்டாம். 2023 பிப்ரவரியில் இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்து குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் கதை வாங்குவதையே சில வாரம் நிறுத்த வேண்டிவந்தது. அதன்பின் பெரும்பாலான இதழ்கள் தெளிவாகத் தடை போட்டுவிட்டன. பிடிபட்டால் அந்த இதழின் வாசல் நிரந்தரமாக மூடிவிடும். ஜப்பானில் ஹோஷி ஷினிச்சி விருது மட்டும் கணினி எழுதிய கதைகளையும் ஏற்றது. 2016-ல் அப்படி ஒரு கதை முதல் சுற்றைத் தாண்டியது பெரிய செய்தியானது. அது வேறு விளையாட்டு.

சரி, இன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

கதையை முடியுங்கள். ஷன் வடிவம் என்று தேடினால் கையெழுத்துப் பிரதியை எப்படி அமைப்பது என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும்: எழுத்துரு, வரி இடைவெளி, மூலையில் சொல் எண்ணிக்கை. பெரும்பாலான இதழ்கள் அதைத்தான் கேட்கின்றன. சப்மிஷன் கிரைண்டர் என்ற இலவசத் தளத்தில் எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது, எத்தனை நாளில் பதில் போடுகிறது என்று பாருங்கள். தொழில்முறைச் சன்மானம் என்று எழுத்தாளர் சங்கம் 2019-லிருந்து வைத்திருக்கும் அளவு சொல்லுக்கு 8 சென்ட். 4000 சொல் கதைக்கு 320 டாலர். அந்த அளவு தரும் இதழ்களுக்கு முதலில் அனுப்புங்கள், திரும்பி வந்தால் அடுத்ததற்கு. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வோர் இதழின் விதியிலும் தனித்தனியாகப் பாருங்கள், பல இதழ்கள் ஒப்புக்கொள்ளாது. ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தால், எந்த மாத இதழ் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு வருடம் அன்றிலிருந்துதான் ஓடும்.